வேலை ஆஃபர் கையில், பிஎச்.டி. நேர்காணல் எதிரில்

ஏப்ரல் 16ஆம் தேதி காலையில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் நாலே வரிதான். இந்த ஆண்டுக்கான பிஎச்.டி. இடங்கள் நிரம்பிவிட்டன, காத்திருப்புப் பட்டியலில் பொறுமையாக இருந்ததற்கு நன்றி, உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். சரியாகப் பத்து வாரங்களுக்கு முன்புதான் ஒரு நல்ல வேலையை வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருந்தேன். இந்த நாலு வரியைப் படித்து முடித்தபோது என்னிடம் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. அப்போது செய்துகொண்டிருந்த ஒப்பந்த வேலையும் மார்ச் மாதக் கடைசியோடு முடிந்திருந்தது. அன்று முழுவதும் யார் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

இதில் அதிர்ஷ்டம் கெட்டது கொஞ்சம்தான். பெரும்பகுதி நான் பேசிய விதத்தாலும் பேசாமல் விட்டதாலும் வந்தது. நேர்காணலில் வேலை வாய்ப்பைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆராய்ச்சி அனுபவத்தை எப்படி விவரிப்பது, எந்தப் பேராசிரியரின் கட்டுரைகளை முன்கூட்டிப் படிப்பது, இதெல்லாம் தேடினால் கிடைத்தது. கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எங்குமே அகப்படவில்லை. அதனால் என் கதையை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் துறை உயிரியல், அதிலும் கணினி வழித் தரவு ஆய்வு. முதுகலை முடித்துவிட்டு ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளராக இருந்தேன். அமெரிக்காவில் பிஎச்.டி. சேர வேண்டும் என்று ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கிட்டத்தட்ட நூறு டாலர். மதிப்பெண் அறிக்கைகளை அனுப்பும் செலவும் சேர்ந்ததில், பல மாதச் சேமிப்பு டிசம்பர் முதல் இரண்டு வாரத்திலேயே கரைந்தது. ஒப்பந்தம் மார்ச்சில் முடியும் என்று தெரிந்திருந்ததால், நவம்பரிலிருந்தே வேலையும் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் மூன்று சுற்றுத் தேர்வு முடிந்து, ஜனவரி 10ஆம் தேதி ஆஃபர் லெட்டர் வந்தது. பதில் சொல்ல 14 நாள் அவகாசம். அதே வாரத்தில் மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து நேர்காணல் அழைப்பும் வந்தது. அந்த வாரம் நான் தரையில் நடக்கவே இல்லை என்று சொல்லலாம்.

முதல் நேர்காணல் ஆறு நாள் கழித்து, ஜூமில். உயிரியல் துறைகளில் ஒரே நேர்காணலாக வைப்பதில்லை. நாலைந்து பேராசிரியர்கள், ஆளுக்கு அரைமணி நேரம், ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். முதல் இருவரோடு நன்றாகவே போயிற்று. மூன்றாமவர் மூத்தவர். என் ஆய்வைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், “வேறு என்ன திட்டங்கள் வைத்திருக்கிறீர்கள்?” என்றார். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்பதுபோல நான் ஆரம்பித்தேன். ஒரு நிறுவனத்தில் ஆஃபர் கிடைத்திருக்கிறது, நல்ல சம்பளம், ஜனவரி 24க்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் உங்கள் முடிவு தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும், இல்லையென்றால் அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொன்னேன். என் மனதில் அது நேர்மை. கூடவே, என்னை வேறொருவரும் விரும்புகிறார் என்று தெரிந்தால் இவர்களும் அவசரப்படுவார்கள் என்ற கணக்கும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, “நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. வாழ்த்துகள்” என்றார். நேர்காணலில் இன்னும் எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த எட்டு நிமிடமும் அந்த நிறுவனம் எந்த மருந்துகளில் வேலை செய்கிறது என்பதைப் பற்றியே பேசினோம். மூன்று வாரம் கழித்து நிராகரிப்பு வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேராசிரியர் நினைத்தாலும் எனக்கு 24ஆம் தேதிக்குள் பதில் சொல்லியிருக்க முடியாது. நேர்காணல் செய்பவர்கள் தங்கள் கருத்தை எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். எல்லா நேர்காணல்களும் முடிந்த பிறகு சேர்க்கைக் குழு கூடி முடிவெடுக்கும். பெரும்பாலும் அது பிப்ரவரியில் நடக்கும், அதன் பிறகும் பல்கலைக்கழக அளவில் ஒப்புதல் வர வேண்டும். அதிகாரம் இல்லாத ஒருவர் முன்னால் போய்க் கெடு வைத்தேன். அவரால் அதை நிறைவேற்ற முடியாது. அதனால் அவர் காதில் விழுந்தது, இந்த மாணவருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, மனதும் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது மட்டும்தான்.

அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வியின் எடை புரியும். அமெரிக்காவில் இந்தத் துறைகளில் பிஎச்.டி. மாணவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்கிறது, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறது. படிப்பு முடிய ஐந்தாறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் மாணவர் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் சுழற்சி முறையில் வேலை செய்து, பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அதாவது ஒருவர் உருப்படியாக ஆராய்ச்சி செய்யத் தொடங்குவதற்கு முன்பே அவர்மேல் பெரிய தொகையும் பலருடைய நேரமும் செலவாகியிருக்கும். இரண்டாம் வருஷ முடிவில் அவர் முதுகலைப் பட்டத்தோடு விலகி ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டால் அந்த இடம் வீணாகிவிடும். ஆகவே ‘வேறு என்ன வாய்ப்புகள்?’ என்று கேட்பவரின் மனதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இடம் கொடுத்தால் வருவாரா? வந்தால் நிலைப்பாரா? வேலையைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த இரண்டு கேள்விக்கும் பதிலாகத்தான் அவர்களுக்குக் கேட்கிறது.

முதல் நேர்காணல் கெட்டுப்போனது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஜனவரி 22ஆம் தேதி இரண்டாம் நேர்காணல். வேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். ஒரு பேராசிரியர், இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேறு எதையும் யோசிக்கவில்லை, பிஎச்.டி. ஒன்றுதான் என் குறி என்று சொன்னேன். அவர் திரையில் எதையோ பார்த்தார். பிறகு மெதுவாக, “உங்கள் பரிந்துரைக் கடிதத்தில் ஒரு நிறுவனம் உங்களை எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறதே, அது என்னவாயிற்று?” என்று கேட்டார்.

என் ஆய்வுக்கூடத் தலைவர் அதை எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். நிறுவனங்களே தேடும் அளவுக்குத் திறமை உள்ளவர், ஆராய்ச்சி உலகம் இவரை இழந்துவிடக் கூடாது என்பது அந்த வரியின் பொருள். நவம்பரில் நான்தான் அவரிடம் வேலைத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். அவர் டிசம்பரில் எழுதிய கடிதத்தில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையைப் பெரும்பாலான மாணவர்கள் விண்ணப்பிக்கும்போதே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அதனால் அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நான் ஏதோ சமாளித்தேன். அது இன்னும் உறுதியாகவில்லை, பேச்சு நடக்கிறது என்றேன். அதுவும் பொய். மேஜை டிராயரில் கையெழுத்துக்காக ஆஃபர் லெட்டர் காத்துக்கொண்டிருந்தது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்கு வலித்தது. வாழ்க்கையில் நான் அதிகம் பொய் சொல்லிப் பழகாத ஆள். அந்த இரவு தூங்கவில்லை. முதல் இடத்தில் கிடைத்த நிராகரிப்பைவிட இந்த நேர்காணல் என்னை அதிகம் கூச வைத்தது, இப்போதும் வைக்கிறது.

பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களிடம், வேலை தேடுவது பற்றி நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்களோ அதையே நேர்காணலிலும் சொல்ல வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கேட்கும்போதே, இதைப் பற்றி எழுதப்போகிறீர்களா என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இணையத்தில் உள்ள உங்கள் தொழில் பக்கத்தையும் பாருங்கள். ‘வேலை தேடுகிறேன்’ என்ற பட்டை புகைப்படத்தைச் சுற்றி இருக்கும்போது, வேறு எதையும் யோசிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதற்கிடையில் 24ஆம் தேதி நெருங்கியது. நிறுவனத்தின் ஹெச்.ஆர். அதிகாரிக்கு எழுதி அவகாசம் கேட்டேன். குடும்பக் காரணம் என்று சொல்லலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. முடிவெடுக்க இன்னும் சில நாள் வேண்டும், பிப்ரவரி 5க்குள் உறுதியாகச் சொல்கிறேன் என்று மட்டும் எழுதினேன். மறுநாளே சரி என்று பதில் வந்தது. இதில் எனக்குக் கிடைத்த பாடம், தேதி சொல்லிக் கேட்டால் கொடுக்கிறார்கள் என்பது. ‘இன்னும் கொஞ்சம் நாள்’ என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நான் ஒரு தப்புச் செய்தேன். பன்னிரண்டு நாள் என்று சின்னதாகக் கேட்டுவிட்டேன். சேர்க்கை முடிவுகள் எப்போது வரும் என்பதை முதலில் விசாரித்துவிட்டு, பிப்ரவரி கடைசி வரை கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு நாள் தர மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம்தான். கேட்டாவது பார்த்திருப்பேன். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கவும் தோன்றவில்லை.

மூன்றாம் நேர்காணல் பிப்ரவரி 1. இங்கே நான் நன்றாகப் பேசினேன். வேலை பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியாகப் பேசிய பேராசிரியர் மிகவும் அன்பாக, உங்களை எங்கள் துறையில் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று சொல்லி முடித்தார். அந்த ஒரு வாக்கியத்தை நான்கு நாள் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். என் நண்பர்களிடம் சொன்னேன். எல்லோரும் அப்படியானால் கிடைத்த மாதிரிதான் என்றார்கள். பிப்ரவரி 5ஆம் தேதி மாலை வேலையை மறுத்து எழுதினேன். பிப்ரவரி 20 வாக்கில் அதே துறையிலிருந்து காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று தகவல் வந்தது. இரண்டாம் பல்கலைக்கழகம் மார்ச் முதல் வாரத்தில் நிராகரித்தது. மீதி ஆறு இடங்களிலிருந்து நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை.

அந்தப் பேராசிரியர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர் மனதார அப்படிச் சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் குழுவில் அவர் ஒருவர் குரல்தானே. நேர்காணலில் சொல்லப்படும் எந்த இனிய வார்த்தையும் அனுமதிக் கடிதம் ஆகாது. ஆண்டுக்கு எவ்வளவு உதவித்தொகை, எத்தனை வருஷத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வராத வரை கையில் உள்ளதை விடக் கூடாது. அமெரிக்காவில் அனுமதியும் உதவித்தொகையும் சில இடங்களில் தனித்தனிக் கடிதமாகக்கூட வரும். இரண்டையும் பார்த்த பிறகே வேலைக்குப் பதில் எழுத வேண்டும்.

ஏப்ரல் 15 பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் தீர்மானம் ஒன்றில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகையோடு இடம் கொடுக்கப்பட்ட மாணவர், ஏப்ரல் 15க்கு முன்பாகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதன் சாரம். இடம் கிடைத்த மாணவருக்கு இது பாதுகாப்பு. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கோ, மற்றவர்கள் கடைசி நாள் வரை யோசிக்கலாம் என்று அர்த்தம். பல துறைகள் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கும் இடங்களைவிடக் கூடுதலாகவே ஆஃபர் கொடுக்கின்றன. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ஏற்றுக்கொண்டால் பட்டியல் நகராது. எனக்கு அதுதான் நடந்தது. இன்னொன்று, இந்தத் தீர்மானம் பல்கலைக்கழகங்களுக்கு இடையில் மட்டுமே. வேலை கொடுக்கும் நிறுவனத்துக்கு ஏப்ரல் 15 என்பது இன்னொரு நாள், அவ்வளவே. வேலைக்கான கெடு ஜனவரியில் வருகிறது, படிப்புக்கான கடைசிப் பதில் ஏப்ரலில் வருகிறது. இந்த இடைவெளி தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியதுதான் என் மூலத் தப்பு.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தேன். பிறகு கிடைத்த தரவு ஆய்வாளர் வேலையில் சம்பளம், நான் மறுத்ததைவிடக் கணிசமாகக் குறைவு. பணத்தைக்கூட விடுங்கள், அந்த ஐந்து மாதத்தில் எனக்கு என்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அந்த முதல் பேராசிரியர் சொன்ன ‘வாழ்த்துகள்’ என்ற சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. யாராவது ஆறுதல் சொன்னால் அழுகை வந்தது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன். என் பழைய ஆய்வுக்கூடத் தலைவர்தான் செப்டம்பரில் கூப்பிட்டு, வேலை பார்ப்பதையே பலமாகக் காட்ட முடியும், பயப்படாதே என்றார்.

இரண்டாம் முறை ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், இரண்டு அழைப்பு வந்தது. இந்தத் தடவை வேலையைப் பற்றி என்ன சொல்வது என்பதை எழுதி வைத்துக்கொண்டேன். பொய் இல்லை, பேரமும் இல்லை என்று மட்டும் தீர்மானித்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது வேறொன்று புரிந்தது. நல்ல வேலை இருக்கும்போது ஏன் ஐந்தாறு வருஷம் குறைந்த பணத்தில் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ‘ஆராய்ச்சியில் ஆர்வம்’ என்று எழுதினேன், அடித்தேன். ‘சுதந்திரமாகச் சிந்திக்க’ என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. அப்புறம் அலுவலகத்தில் அன்று நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு மருந்துக்குச் சில நோயாளிகளின் மாதிரிகள் எதிர்வினையே காட்டாமல் இருந்தன. எங்கள் குழு அவற்றை விலகல்கள், அதாவது மற்றவற்றோடு ஒட்டாதவை, என்று குறித்துவிட்டு மேலே போயிற்று. திட்டத்துக்கு அது தேவையில்லை, அவர்கள் செய்தது சரிதான். எனக்கு மட்டும் அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. மாலையில் எல்லோரும் போன பிறகு அந்த மாதிரிகளின் தரவைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டிய பதில் அதிலேயே இருந்தது.

ஜனவரி நேர்காணலில் ஒரு பேராசிரியரிடமிருந்து கேள்வி வந்தது, “வேலையில் இருக்கிறீர்களே, அங்கேயே தொடரும் எண்ணம் இல்லையா?” என்று. நான் சொன்னேன்: “நிரந்தரப் பதவி தருவதாகப் பேசுகிறார்கள், அது நல்ல இடம், நிறையக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் அங்கே கேள்வி எங்களுக்குக் கொடுக்கப்படுகிறது. நான் கேட்க விரும்பும் கேள்விக்கு அங்கே இடம் இல்லை.” பிறகு அந்த மாதிரிகளின் கதையைச் சொன்னேன், ரகசியமான விவரம் எதையும் வெளியிடாமல். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த இருபது நிமிடமும் அந்த மாதிரிகள் ஏன் எதிர்வினை காட்டவில்லை என்பதற்கு இரண்டு பேரும் மாறி மாறிக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். முதல் வருஷம் எந்த விஷயம் எனக்கு எதிராகப் போனதோ, அதே விஷயம் இந்தத் தடவை என் பக்கம் நின்றது.

இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் இரண்டு இடத்திலும் வந்தது. வேலையில் தொடர்வேன், புள்ளியியலில் எனக்கு இருக்கும் குறையைச் சரி செய்துகொள்வேன், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிப்பேன் என்றேன். அது உண்மையும்கூட. வேலையை நல்லபடியாகச் சொல்வதில் தப்பே இல்லை. அதைத் தாழ்த்திப் பேசினால்தான் கேட்பவர், நாளைக்கு எங்களையும் இப்படித்தான் பேசுவார் என்று நினைப்பார். சம்பளத் தொகையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அதைக் கேட்கும் பேராசிரியரால் அதற்கு ஈடாக எதுவும் தர முடியாது, உதவித்தொகை துறைக்கு ஒன்றாக நிர்ணயித்ததாகவே பெரும்பாலும் இருக்கும். வேறு எங்கெல்லாம் நேர்காணல் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், ஆனால் எல்லோரிடமும் நீங்கள்தான் என் முதல் தேர்வு என்று சொல்லக் கூடாது. ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். ஓராண்டு தள்ளிச் சேரலாமா என்ற கேள்வியை நேர்காணலில் எழுப்பவே வேண்டாம். அது அனுமதி வந்த பிறகு கேட்க வேண்டியது. அப்போதும் இடம் காத்திருந்தாலும் உதவித்தொகை காத்திருக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தேதி பற்றிய விஷயத்தை இந்த முறை பேராசிரியர்களிடம் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு துறையிலும் சேர்க்கை வேலைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். எப்போது குழு கூடுகிறது, எப்போது கடிதம் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நேர்காணல் முடிந்த மறுநாள் அவருக்கு எழுதினேன். வேலையில் பதவி நிரந்தரமாவது குறித்துப் பிப்ரவரி 20க்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, முடிவுகள் ஏறத்தாழ எப்போது வரும் என்று தெரிந்தால் திட்டமிட உதவும், முடிவை விரைவுபடுத்தக் கேட்கவில்லை என்று நாலு வரி. ஒரே நாளில் பதில் வந்தது. குழு பிப்ரவரி இரண்டாம் வாரம் கூடுகிறது, 18ஆம் தேதி வாக்கில் தகவல் போகும் என்றார். போன வருஷம் நான் இழந்த அத்தனைக்கும் இந்த நாலு வரி போதுமாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது அந்த மின்னஞ்சலை மூட மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது அமெரிக்க பிஎச்.டி. சேர்க்கைதான். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பிஎச்.டி. இடமே பெரும்பாலும் ஒரு சம்பள வேலையாக விளம்பரமாகி, ஒப்பந்தத்தோடு வருகிறது. அங்கே வேறு ஆஃபர் இருக்கிறது, தேதி இது என்று நேரடியாகச் சொல்வது வேலைக்கான நேர்காணலில் சொல்வதைப் போன்றதுதான். எம்.பி.ஏ. நேர்காணலில் வேலையும் பதவி உயர்வும் பேச்சின் மையத்திலேயே இருக்கும். என் அனுபவத்தை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம்.

நிறைய பேர் என்னிடம் கேட்பது, அனுமதி கையில் இல்லாதபோது வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டு, பிறகு படிப்புக் கிடைத்தால் விலகுவது நியாயமா என்று. எனக்கு இதில் ஒரு தெளிவான கருத்து உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேராமலே விடுவது வேறு, சேர்ந்து சில மாதம் ஒழுங்காக வேலை பார்த்து, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகுவது வேறு. முதலாவதை நான் செய்ய மாட்டேன். இரண்டாவதைச் செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் இத்தனை மாதம் வேலை செய்ய வேண்டும் என்றோ, சேரும்போது தந்த ஊக்கத்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்றோ இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும். அந்த வேலையில் பிப்ரவரியிலேயே சேர்ந்திருந்தால், ஏப்ரல் 16ஆம் தேதி அந்த நாலு வரி என்னை வருத்தியிருக்கும், ஆனால் இப்படி உடைத்திருக்காது.

பிப்ரவரி 19ஆம் தேதி கடிதம் வந்தது. உதவித்தொகை, காலம், தொடங்கும் தேதி எல்லாம் எழுத்தில் இருந்தன. மறுநாள் காலை என் மேலாளரிடம் போய், நிரந்தரப் பதவியை ஏற்க முடியவில்லை, ஜூலை வரை இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, அந்த எதிர்வினை காட்டாத மாதிரிகளைப் பற்றித்தானே என்று கேட்டார். மாலையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது எங்கள் துறையில் நேர்காணலுக்கு வருபவர்களை வரவேற்கும் மாணவர்களில் நானும் ஒருவர். சென்ற முறை ஒரு மாணவர், அடுத்த பேராசிரியர் அறைக்குப் போகும் வழியில் நடைபாதையில் நின்று, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும், இவரிடம் சொல்லலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், தேதியை மட்டும் அவரிடம் வைக்காதீர்கள் என்றேன். நேர்காணல் முடிந்ததும் நடைபாதைக் கடைசியில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.